ஒரு சிற்றூர் நூலகம் உலகத்துக்கு வைத்த மொய்!

1999 டிசம்பரில் ஒருவர் நூலகத்தில் புத்தகம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டிய நாள், 2000 ஜனவரி 5. ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டுமே பதிவு செய்யப் பழகிய கம்ப்யூட்டர், அதை ‘05-01-00’ என்று குறித்துக்கொள்கிறது. அந்த ‘00’ என்பதை அது 1900 என்று எடுத்துக்கொண்டால்? புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் முன்பே, அவர் நூறு வருட அபராதம் கட்ட வேண்டியவர் ஆகிவிடுவார்!

இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வருடம் வங்கி முதல் விமான நிலையம் வரை எல்லோரையும் தூங்கவிடாமல் செய்தது இந்தப் பிரச்னைதான். ‘ஒய்2கே’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரின் நூலகத்துக்கும் அதே கவலை. அந்தக் கவலையிலிருந்து அவர்கள் மீண்ட விதம், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்களின் கதையை மாற்றியது.

கையில் இருந்தது சில மாதங்கள்

தலைநகர் வெலிங்டனிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது லெவின். காய்கறித் தோட்டங்களும் பால் பண்ணைகளும் சூழ்ந்த ஊர். அதை உள்ளடக்கிய ஹோரோஃபெனுவா மாவட்டம் முழுவதையும் சேர்த்தால்கூட, அன்றைய மக்கள்தொகை 30,000 அளவில்தான். அந்த மாவட்டத்தின் நூலகங்களை நடத்தி வந்தது ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை.

அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ம் ஆண்டைத் தாங்காது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், சந்தையில் இருந்தவை பெரிய நூலகங்களுக்கும் பெரிய பட்ஜெட்டுக்கும் தைத்த சட்டைகள். விலை ஒரு பக்கம் இருக்க, கிளை நூலகங்களைத் தலைமை நூலகத்துடன் இணைக்கும் தொலைபேசிச் செலவு இன்னொரு பக்கம். பிராட்பேண்ட் வராத காலம் அது.

அப்போது தலைமை நூலகராக இருந்தவர் ரோஸலி பிளேக். வெலிங்டனில் இருந்த ‘கட்டிப்போ’ என்ற சிறிய இணையதள நிறுவனத்திடம் ஆலோசனை கேட்டது நூலகம். கட்டிப்போ என்பது நியூசிலாந்தில் வாழும் ஒரு சிலந்தியின் பெயர். வலை பின்னும் நிறுவனத்துக்குப் பொருத்தமான பெயர்தான்! “எதையும் வாங்க வேண்டாம், புதிதாக ஒன்றை எழுதிவிடலாம்” என்பதே அவர்கள் சொன்ன யோசனை.

அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட கருவிகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை. கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ், தகவல்களைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல், நிரல் எழுத பெர்ல் மொழி. சாதாரண தொலைபேசி இணைப்பிலேயே வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, புத்தகம் கொடுத்து வாங்கும் திரையைப் படம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்துகளாலேயே அமைத்தார்கள். 2000 ஜனவரி 3, திங்கட்கிழமை. புது மென்பொருளோடு நூலகம் இயங்கத் தொடங்கியது. யாருக்கும் நூறு வருட அபராதம் விழவில்லை.

பெயரிலேயே இருக்கிறது மொய்

அந்த மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கோஹா’. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் சொல் இது. மாவோரிகளின் பொதுக் கூடத்துக்கு விருந்தினராகப் போகிறவர்கள் வெறும் கையோடு போக மாட்டார்கள். முன்பெல்லாம் உணவோ, கைவினைப் பொருளோ கொண்டுபோவார்கள். இப்போது பெரும்பாலும் உறையில் போட்ட பணம். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்ற உறவு அந்த உறைக்குள் இருக்கிறது. அதுதான் கோஹா. நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய்யை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பெயருக்கு ஏற்றபடியே நடந்தார்கள். எழுதிய மென்பொருளை விற்காமல், 2000-ம் ஆண்டிலேயே அதன் மூல நிரலோடு உலகத்துக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள். இதில் தாராள மனசு மட்டும் அல்ல, நடைமுறைக் கணக்கும் இருந்தது. மென்பொருள் விற்பது நூலகத்தின் வேலையில்லை. எழுதித் தந்ததோ ஒரு சிறிய நிறுவனம். நாளை அந்த நிறுவனம் இல்லாமல் போனால், இந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். பத்து நூலகங்கள் இதைப் பயன்படுத்தினால், பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள். கொடுத்தால்தான் பிழைக்கும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பாக்கெட் பொடியும் பாட்டியின் பக்குவமும்

‘ஓப்பன் சோர்ஸ்’ என்று சொல்லப்படும் கட்டற்ற மென்பொருளை இலவச மென்பொருள் என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வாட்ஸ்அப்புக்கு நாம் பணம் கட்டுவதில்லை. அதனால் அது கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது.

கடையில் வாங்கும் சாம்பார் பொடி பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ருசியாக இருக்கலாம். ஆனால் தனியா எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்ற கணக்கு நமக்குத் தெரியாது. கம்பெனி ருசியை மாற்றினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். தயாரிப்பதை நிறுத்தினால் வேறு பொடி தேட வேண்டும். பாட்டி பக்குவத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. காரம் குறைக்கலாம், பெருங்காயம் கூட்டலாம், பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

மூல நிரல் என்பது அந்தப் பக்குவம். கோஹா வெளியான ‘ஜிபிஎல்’ என்ற உரிமத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. பக்குவத்தை மாற்றி, மாற்றிய பொடியை அடுத்தவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், மாற்றிய பக்குவத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வாங்கிய மொய்யைத் திருப்பி வைக்கச் சொல்லும் ஊர் வழக்கம்தான் இது, சட்ட மொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

திரும்பி வந்த மொய்

லெவின் நூலகத்துக்கு அது உண்மையிலேயே திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் நெல்சன்வில் பொது நூலகம், 2002-ல் கோஹாவைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு ஒரு சிக்கல். உலக நூலகங்கள் தங்கள் புத்தக விவரங்களைப் பரிமாறிக்கொள்ள ‘மார்க்’ என்ற பொது வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்ற பெண்மணியின் தலைமையில் உருவான வடிவம் அது. லெவினுக்கு அது தேவைப்படாததால், கோஹாவில் அந்த வசதி இல்லை. நெல்சன்வில் கேட்டது. பிரான்ஸைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் அந்தப் பணியை முன்னெடுத்தார். நியூசிலாந்தில் எழுதி, அமெரிக்கா கேட்டு, பிரான்ஸில் வளர்ந்த அந்த வசதி, அதன்பின் கோஹாவை எடுத்துக்கொண்ட எல்லா நூலகங்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது.

இதே துணிச்சல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கும் வந்தது. அங்கே ‘பைன்ஸ்’ என்ற பெயரில் பொது நூலகங்கள் ஒன்றாக இணைந்திருந்தன. ஒரே அட்டையை வைத்துக்கொண்டு எந்த ஊர் நூலகத்திலும் புத்தகம் எடுக்கலாம். இவ்வளவு பெரிய கூட்டுக் குடும்பத்துக்குப் பொருந்தும் மென்பொருள் சந்தையில் கிடைக்கவில்லை. 2004-ல் தாங்களே எழுதத் தொடங்கி, 2006 செப்டம்பரில் 250-க்கும் மேற்பட்ட நூலகங்களில் ஒரே நேரத்தில் இயக்கிக் காட்டினார்கள். ‘எவர்கிரீன்’ என்று பெயர் வைத்து, அதையும் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள்.

கோஹா இன்று வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும் புதுப்பதிப்பு காண்கிறது. எந்த வரியை எழுதியவர் யார், எந்தப் பிழையைத் திருத்தியவர் யார் என்ற விவரம் எல்லாம் பொதுவில் இருக்கிறது. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதை எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய மொய் நோட்டு அது!

பெயருக்கே வந்த ஆபத்து

எல்லாமே சுமுகமாக நடந்துவிடவில்லை. நிரலைப் பூட்ட முடியாதபடி உரிமம் காப்பாற்றியது. ஆனால் பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கோஹாவுக்குச் சேவை அளித்து வந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று, 2007-ல் கட்டிப்போவின் கோஹா பிரிவை வாங்கியது. கோஹாவின் இணையதளமும் அந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. நாளடைவில் நிறுவனத்துக்கும் உலகெங்கும் இருந்த கோஹா பங்களிப்பாளர்களுக்கும் இடையே விரிசல். பங்களிப்பாளர்கள் வேறு முகவரியில் புது வீடு கட்டிக் குடியேறினார்கள். பிறகு அந்த நிறுவனமும் கைமாறியது.

2011 நவம்பரில், ‘கோஹா’ என்ற பெயரை நியூசிலாந்தில் தங்கள் வணிக முத்திரையாகப் பதிவுசெய்யும் அந்த நிறுவனத்தின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பெயர் வைத்த நூலகமே, அந்தப் பெயருக்காகப் போராட வேண்டிய நிலை. அதுவும் மாவோரி மக்களின் அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் ஒரு சொல்லுக்கு!

வழக்கு நடத்தும் அளவுக்கு அந்தச் சிறிய நூலகத்திடம் பணம் இல்லை. நிலைமையைச் சொல்லி உலகத்திடம் உதவி கேட்டது. நாடு நாடாக நன்கொடை வந்தது, இலவசமாகச் சட்ட உதவி செய்யவும் ஆட்கள் வந்தார்கள். பெயரை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்த பிறகும் விவகாரம் ஆண்டுக் கணக்கில் நீண்டு, கடைசியில் நூலகத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. வைத்த மொய், தேவைப்பட்ட நேரத்தில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சாவி யாரிடம்?

ஒரு மென்பொருளுக்காக நூலகங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நூலகத்தின் சொத்து அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் மட்டும் இல்லை. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் உறுப்பினர், எது யாரிடம் இருக்கிறது என்ற விவரங்களும்தான். அந்த நினைவு அழிந்தால், லட்சம் புத்தகம் இருந்தாலும் அது நூலகம் இல்லை, குடோன்.

அந்த நினைவை ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால், சாவி கம்பெனியிடம் இருக்கும். ஆண்டுக் கட்டணம் உயர்ந்தால் கட்ட வேண்டும். வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால், பல வருட விவரங்களை வெளியே எடுப்பதே பெரும்பாடு. கம்பெனி மூடிவிட்டால் கேட்க ஆள் இல்லை.

இதில் வாசகரின் அந்தரங்கமும் இருக்கிறது. ஒருவர் நூலகத்தில் என்ன படிக்கிறார் என்பது அவருடைய நோய், கடன், மணமுறிவு என எதைப் பற்றியும் பேசிவிடும். கோஹாவில், படித்த புத்தகங்களின் பட்டியலை வைத்திருக்கலாமா, அழித்துவிடலாமா என்று உறுப்பினரே முடிவுசெய்ய வழி இருக்கிறது. நூலகம் அந்த வசதியைத் திறந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னபடி உண்மையிலேயே அழிகிறதா என்பதை, மூல நிரல் பொதுவில் இருப்பதால், தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். இணையம் துண்டிக்கப்பட்டாலும் புத்தகம் கொடுத்து வாங்கிவிட்டு, இணைப்பு வந்ததும் கணக்கில் ஏற்றும் வசதியும் உண்டு.

அதே நேரம், கட்டற்ற மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சர்வர் வேண்டும். தினமும் நகல் எடுத்து வைக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது மனித உழைப்பு. ஒரு நூலகத்தில் 50,000 புத்தகங்கள் இருக்கின்றன, ஒருவர் நாளுக்கு 100 புத்தகங்களைப் பதிவுசெய்கிறார் என்றால், 500 வேலை நாள்கள் ஆகும். கிட்டத்தட்ட இரண்டு வருடம்! மென்பொருளை நிறுவிவிட்டு, பதிவுசெய்ய ஆள் போடாமல் விட்டால், கோஹாவும் கைகொடுக்காது. மென்பொருளுக்கு மிச்சமாகும் பணத்தை மனிதர்களுக்குச் செலவழித்தால் மட்டுமே இது வெற்றி பெறும்.

தமிழ்ப் புத்தகம் தேடினால் கிடைக்குமா?

இந்தியாவுக்கும் கோஹா புதிதில்லை. கோஹா பயன்பாட்டாளர்களின் உலக மாநாடு 2011-ல் மும்பையை ஒட்டிய தாணேயில்தான் நடந்தது. நாட்டின் பல கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் இதில் இயங்குகின்றன.

தமிழுக்கு வரும்போது கூடுதலாக ஒரு சிக்கல். யூனிகோட் பரவலாவதற்கு முன் தமிழ் தட்டச்சு, ஆளுக்கொரு எழுத்துருவில் நடந்தது. ஓர் எழுத்துருவில் அடித்ததை, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். ஒழுங்குபடுத்த 1999-ல் ‘டாம்’, ‘டாப்’ என்ற குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் பதிவான நூல் பட்டியல்களைப் புது மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போது, ஒவ்வொன்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு வழக்கம், தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பதிவது. ‘ழ’-வுக்கு ஒருவர் ஒரு எழுத்தும் மற்றவர் இரண்டு எழுத்தும் போட்டிருப்பார். தமிழில் தேடும் வாசகருக்கு, அலமாரியில் கண் எதிரே இருக்கும் புத்தகம் கம்ப்யூட்டரில் ‘இல்லை’ என்று வரும். கோஹா யூனிகோடில் இயங்குவதால் தமிழிலேயே பதியலாம், தமிழிலேயே தேடலாம். பதிகிறவர் தமிழில் பதிய வேண்டும் என்பதே நிபந்தனை.

நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்க வேண்டும் என்று 1931-லேயே தன் ஐந்து விதிகளில் ஒன்றாக வகுத்தவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் வந்ததும் 1948-ல் அன்றைய மதராஸ் மாகாணத்தில்தான். அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக, இன்றும் நம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறோம். சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் எழுந்து நிற்கும் பிரமாண்ட நூலகங்களைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்து வியக்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும் மென்பொருளைப் பற்றியும் வரி கட்டுபவர்கள் விசாரிக்கலாம்.

அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்கோ, குழந்தையின் பள்ளி நூலகத்துக்கோ போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறினால், நம் விவரங்கள் முழுவதும் நம்மோடு வருமா? நான் படித்த புத்தகங்களின் பட்டியல் எவ்வளவு நாள் இருக்கும், யார் பார்க்க முடியும்? தமிழில் தேடினால் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், சாவி நூலகத்திடம் இருக்கிறது என்று அர்த்தம்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நூலகம்

லெவின் நூலகம் என்ன ஆனது? அதுவும் வளர்ந்தது. 2012-ல், சூப்பர் மார்க்கெட்டாக இருந்த ஒரு கட்டடத்தைப் புதுப்பித்து, அங்கே குடிபோனது. இப்போது அது புத்தகம் எடுக்கும் இடம் மட்டும் இல்லை. இளைஞர்கள் கூட ஓர் இடம், காபி குடிக்க ஓர் இடம், ஊர்க் கூட்டங்களுக்கு அறைகள் என்று ஊரின் பொதுத் திண்ணையாகவே மாறியிருக்கிறது.

ஒரு காலத்தில் காசு கொடுத்தால்தான் பொருள் கிடைக்கும் என்றிருந்த கட்டடம் அது. இப்போது அங்கே உறுப்பினர் அட்டையைக் காட்டினால் போதும், புத்தகத்தை நம்பிக் கொடுத்து அனுப்புகிறார்கள். திருப்பிக் கொண்டுவருவார்கள் என்ற நம்பிக்கையில் நடப்பதுதான் நூலகம். 2000-ல் தன் மென்பொருளையும் அந்த ஊர் அதே நம்பிக்கையில்தான் உலகத்துக்கு இரவல் கொடுத்தது.